நங்கூரம் பொறித்த சட்டை

கரவெட்டி,
18.01.2025

அன்புள்ள றோய் அண்ணைக்கு,

இனி உங்களுக்கு எழுதும் கடிதங்களில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதுவது என்று முடிவுசெய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நலம் விசாரிக்கும் முன்பே இதைச் சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம். நான் சுகம். அப்பாவும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இந்தப் பள்ளி விடுதியில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். உங்கள் போனும் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று அம்மா சொன்னார். ஆகவே கடிதம். நீங்கள் கொடுத்த முகவரி கொழும்புக்குப் பக்கத்து ஹோமாகமவில் யாரோ ஒருவருடைய வீடாக இருக்கிறது. கம்பனி விடுதிக்கே எழுதினால் சேராதா?

பன்னிரண்டாம் வகுப்புக்கு என்னைக் கரவெட்டிக்கு அனுப்பியது அப்பாவின் யோசனை. குருநகரில் இருந்தால் நான் புத்தகத்தைப் பார்க்காமல் வள்ளங்கள் கரைக்கு வருவதையே பார்த்துக்கொண்டிருப்பேனாம். உண்மைதான். இங்கே பார்ப்பதற்குப் புகையிலைத் தோட்டம் மட்டுமே இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை வீட்டுக்குப் போகலாம்.

அப்பாவின் இஞ்சின் மறுபடியும் நடுக்கடலில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஜெறோம் மாமா தன் வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார். இழுத்து வந்ததைவிட அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அப்பாவுக்குக் கோபம்.

உங்கள் பேஸ்போல் கிளவுசை அம்மா பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். தையல் விட்டுப்போய், வலை ஊசியால் அப்பா நைலோன் நூல் கோத்துத் தைத்துத் தந்த பந்தும் அதற்குள்ளேதான் இருக்கிறது. கம்பனியில் பந்து எறியக் கிடைக்கிறதா? உங்கள் அணி எப்படி?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை றொசாந்தி

*

23.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே சாப்பாடு பரவாயில்லை, மீன் மட்டும் வாயில் வைக்க முடியாது.

பந்து எறிகிறேன். காலையும் மாலையும் பயிற்சி. அணி நல்ல அணி.

அணியைப் பற்றிக் கேட்டாய். கம்பனிகள் முன்பு பேஸ்போல் அணி வைத்திருந்தன. ஒலிம்பிக்கில் ஒருமுறை சேர்க்கிறார்கள், மறுமுறை எடுத்துவிடுகிறார்கள். அதை நம்பி எந்த முதலாளி காசு போடுவான்? ஒலிம்பிக்கில் நிரந்தரமாக இருந்தால் கம்பனிகள் அணி வைத்திருக்கும், பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்றுநர் வருவார். இல்லாவிட்டால் படைகளில் மட்டும்தான் அணி நிலைத்து நிற்கும். இதுதான் இங்கே நிலைமை.

முகவரி அதுவே இருக்கட்டும். அது எங்கள் பயிற்றுநரின் வீடு. இஞ்சினுக்கு என்ன பிழை என்று அப்பாவிடம் கேட்டு எழுது. அம்மாவை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
றோய்

*

கரவெட்டி,
09.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். அம்மா உப்பைக் குறைக்கவில்லை, கேட்டால் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார்.

நீங்கள் எழுதியதைப் பற்றி இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு ஆங்கிலம் படிப்பிக்கும் தயாளினி ரீச்சரிடம் கேட்டேன். அவர் தன் போனில் தேடி, ஆசிய நாடுகளின் பள்ளி மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் இயக்கத்தைக் கண்டுபிடித்தார். 2032ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பேஸ்போல் இருக்க வேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்கிறார்கள். 1992 முதல் 2008 வரை இருந்தது, பிறகு எடுத்தார்கள், தோக்கியோவில் திரும்பச் சேர்த்தார்கள், பாரிசில் எடுத்தார்கள், லொஸ் ஏஞ்சலிசில் சேர்க்கப்போகிறார்கள். பிரிஸ்பேனில் இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் எழுதிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். பெண்களுக்கு அங்கே சொஃப்ட்போல்தான் என்பதையும் எழுதினேன். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

முதலில் வந்தவள் என் பக்கத்துக் கட்டில் றஜிதா.

"ஏன்ரி, இதும் எங்கடை எல்லே மாதிரிப் பந்தை அடிச்சிட்டு ஓடுற விளையாட்டுத்தானே? எல்லேயை ஒலிம்பிக்கிலை போடச் சொல்லி எழுதன்."

"எல்லேக்குப் பிறகு எழுதுவம். இப்ப இதுக்கு வை."

"இலங்கை ரீம் அங்கை போகேக்கை நான் பல்லில்லாமல் ரீவியிலை பாப்பன்" என்றாள். ஆனாலும் கையெழுத்து வைத்தாள், சுழியெல்லாம் போட்டு.

விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "உதுக்குப் பிறகு காசு கேப்பினமோ?"

"இல்லை சிஸ்டர்."

"காசு கேக்காத ஆக்கள் எண்டா நல்ல ஆக்கள்தான்." வைத்துவிட்டார்.

நீங்கள் கம்பனியில் இருப்பவர்களிடமும் கேட்டு அனுப்ப முடியுமா? உங்கள் கையெழுத்து முதலாவதாக இருக்க வேண்டும் என்று மேலே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
றொசாந்தி

*

கரவெட்டி,
27.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

மார்ச்சில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று அம்மா சொல்கிறார். சுகமாக இருக்கிறீர்கள்தானே? உயிர்ப்பு ஞாயிறுக்கு வருவீர்கள் என்று அம்மா பிட்டுக்கு மா வறுத்து வைத்திருந்தார். அந்த மாவை இப்போது நான் விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கையெழுத்துத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா முற்றத்தில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒலிம்பிக் எண்டா பந்தம் கொண்டு ஓடுறதோ?"

"அது தொடக்கத்திலை அப்பா. பிறகு எல்லா விளையாட்டும் இருக்கு."

"இவன் போகப்போறானோ அதுக்கு?"

"போகாட்டிலும் பரவாயில்லை. அதிலை இருந்தாத்தான் கொம்பனியள் ரீம் வைச்சிருக்குமாம். அண்ணைதான் எழுதினவர்."

"அவன் எழுதினவனோ?" அப்பா கையைச் சாரத்தில் துடைத்தார். "கொண்டா பேனையை."

அம்மா குசினியிலிருந்து, "பாத்துக் குடு பிள்ளை. கலியாணம் எழுதேக்கையும் மை கொட்டினவர்" என்றார்.

அப்பா தன் பெயரை முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நீங்கள் கொழும்புக்குப் போன அன்று பஸ் நிலையம் வரை வந்தும் உங்களோடு ஒரு சொல்லும் கதைக்காமல் நின்றாரே, அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கோபம் என்று நாங்கள் நினைத்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அப்பா வைத்ததால் ஜெறோம் மாமாவும் வைத்தார். அவர் வைத்ததால் கரையில் பாதிப் பேர் வைத்தார்கள்.

உடனே எழுதவும்.
றொசாந்தி

*

18.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. தபாலில் பிழையில்லை. எழுத நேரம் கிடைக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அப்பா கையெழுத்து வைத்தார் என்பதைப் பலமுறை வாசித்தேன். அவரை இதற்குள் இழுத்திருக்க வேண்டாம்.

என் வரியை வெறுமையாகவே விடு. பிறகு பார்ப்போம்.

இஞ்சினைப் பற்றி நீ எழுதவில்லை. காபரேற்றரைக் கழற்றிக் கழுவச் சொல். ஜெறோம் மாமாவின் வள்ளத்தில் போவதென்றால் அலை அடங்கிய நாட்களில் மட்டும் போகச் சொல்.

றோய்

*

கரவெட்டி,
01.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டதில் மகிழ்ச்சி. நாங்கள் சுகம். காபரேற்றரைக் கழுவியாயிற்று, இஞ்சின் அதற்குப் பிறகும் இருமுகிறது.

செப்டெம்பரில் கோயில் திருநாள். சுற்றுப்பிரகாரத்தில் சுரூபக் கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுகிறவர்களின் பெயர்களைப் பங்குச் சுவாமி இப்போதே கேட்கிறார். வலது பக்கத் தண்டு எங்கள் குடும்பத்துக்கு. முன்னால் அப்பா, பின்னால் நீங்கள். வருவீர்கள் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பாவின் அண்ணை யோக்கிம் பெரியப்பாவுக்கு வழமைபோல் திருநாளில் பூசை கொடுக்கிறார்கள். இந்த முறை நான் அம்மாவிடம் கேட்டேன், போருக்குள் கடலுக்குப் போனவர், நான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போனவர், அவருக்கு ஏன் இன்னமும் "நலமாய்த் திரும்பி வர" என்றே வாசிக்கிறார்கள் என்று. அம்மா, "உதை உன்ரை அப்பாவிட்டைக் கேட்டிடாதை" என்றார். கடலில் என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். இயக்கத்திலிருந்து தயாளினி ரீச்சருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தந்த ஊரைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் படத்தை வைத்தால் கூடுதலான பேர் கையெழுத்து வைப்பார்களாம். உங்களுடைய படம் ஒன்று, அணிச் சட்டையோடு, அனுப்புங்கள். மறுக்க வேண்டாம்.

அன்புத் தங்கை,
றொசாந்தி

*

22.06.2025

தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ கேட்ட படம் இதனுடன் இருக்கிறது. எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுகிறவள் நீ. ஆகவே உனக்குத்தான் அனுப்புகிறேன். நன்றாகப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

றோய்

*

குருநகர்,
06.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

படம் கிடைத்தது! மெலிந்திருக்கிறீர்கள், ஆனால் தோள் அகன்றிருக்கிறது. தலைமயிரை ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள்? அம்மாவுக்கு அதுதான் கவலை. அவர் உங்கள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னபடி நன்றாகப் பார்த்தேன். நீலச் சட்டை, நெஞ்சில் சின்னதாக ஒரு நங்கூரம். கம்பனிக்காரர்கள் எங்கள் ஊரைக் கேட்டுத்தான் போட்டார்களோ என்று றஜிதா சிரித்தாள். எனக்கும் அது மிகவும் பொருத்தமாகத் தோன்றியது. நீங்கள் பந்தை எறியக் கையைப் பின்னால் கொண்டுபோகிற விதம், அப்பா வலை வீசுவதற்கு முன் நிற்பதைப் போலவே இருக்கிறது.

இந்த முறை விடுமுறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கோயில் அறிவித்தல் பலகையில் குத்தினேன். "எங்கள் ஊர் றோய் விளையாடும் விளையாட்டை ஒலிம்பிக்கில் நிலைநிறுத்துவோம்" என்று மேலே எழுதி, கீழே கையெழுத்துத் தாள்களையும் நூலில் ஒரு பேனையையும் கட்டித் தொங்கவிட்டேன். சுவாமி கொழும்பில் தியானத்துக்குப் போயிருப்பதால் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாமரிடம் அனுமதி கேட்டேன். அப்பா இரண்டு நாளாகக் கடலில், இன்னும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறுகளில் நிறையப் பேர் சேருவார்கள்.

பெருமையுடன்,
றொசாந்தி

*

12.07.2025

தங்கச்சி,

படத்தை உடனே கழற்று. யாரும் கேட்டால் ஒன்றும் சொல்லாதே. இதைக் கண்டவுடன் போ.

றோய்

*

கரவெட்டி,
27.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உடம்பால் எல்லோரும் சுகம்.

நீங்கள் அவசரமாக எழுதிய துண்டு விடுதிக்குத் திங்கட்கிழமை வந்தது. எல்லாம் அதற்கு முந்திய நாளே நடந்து முடிந்துவிட்டது. பூசை முடிந்து நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெறோம் மாமா வந்து படத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"பிள்ளை, உந்தச் சட்டை எங்கத்தையான்?"

"கொம்பனி குடுத்தது மாமா."

"எந்தக் கொம்பனி?"

"அண்ணை வேலை செய்யிற கொம்பனி."

"விசர்க்கதை கதையாதை. உந்த நங்கூரத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் கடலிலை பாக்கிறம். உது நேவியின்ரை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்கு உண்மையாய்த் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பினார். மற்றவர்கள் நம்பினார்களோ தெரியாது. பின்னாலிருந்து ஒருவர், "யோக்கிமின்ரை தம்பியின்ரை பெடியனோ?" என்று கேட்டார். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு அன்ரி என்னிடம், "குறை நினையாதையம்மா, உன்னிலை ஒரு கோவமும் இல்லை" என்று சொல்லிவிட்டு, நான் நூலில் கட்டியிருந்த பேனையாலேயே தன் பெயரை வெட்டினார். அடுத்தவர் பேனைக்காக அவருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பதைப் போல ஒழுங்காக நின்றார்கள்.

அப்பா அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். எல்லோரும் விலகினார்கள். படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, யாருடைய காலிலும் குத்தாதபடி தன் சட்டைப் பைக்குள் போட்டார். படத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டார்.

யாரோ பேனையை நீட்டி, "செபநாயகம், நீ வெட்டேல்லையோ?" என்று கேட்டார்கள்.

"நான் வைச்சது வைச்சதுதான்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அம்மா உங்கள் பழைய இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்பா அந்தப் படத்தை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கிழிக்கவில்லை என்று மட்டும் தெரியும், ஏனென்றால் குப்பைக்குள் தேடிப் பார்த்தேன்.

அண்ணை, படைகளில் மட்டும்தான் அணி நிலைத்து நிற்கும் என்று நீங்கள் பெப்ரவரியிலேயே எழுதியிருந்தீர்கள். நான் அதை வாசித்துவிட்டுத் தாண்டிப் போனேன். நன்றாகப் பார் என்றும் எழுதினீர்கள். பார்த்தேன். எனக்கு நங்கூரம் அழகாக இருந்தது.

இனி நீங்கள்தான் எழுத வேண்டும்.
றொசாந்தி

*

24.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நீ சுகமாக இருக்க வேண்டும். முதலில் அதுதான்.

பிழை உன்னுடையதல்ல. சொல்ல எனக்குத் துணிவில்லை. படம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். நீ மட்டும் தெரிந்துகொண்டு, அம்மாவுக்கு எப்படிச் சொல்லலாம் என்று எனக்கு எழுதுவாய் என்று நினைத்தேன்.

கம்பனி அணி என்று நம்பித்தான் கொழும்புக்கு வந்தேன். நான் வந்து சேர்ந்த மாதத்திலேயே அதைக் கலைத்துவிட்டார்கள். முகாமையாளர், "ஒருமுறை இருக்கும், ஒருமுறை இருக்காது. இதுக்கு நாங்கள் எப்படிக் காசு போடுறது?" என்று கேட்டார். மூன்று மாதம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கினேன். அப்போது ஒரு போட்டியில் இப்போதைய பயிற்றுநர் என்னைக் கண்டார். மைதானம், சாப்பாடு, சம்பளம், எல்லாம் உண்டு என்றார். தாளைக் கொண்டுவந்தார். நானும் ஒரு கையெழுத்து வைத்தேன். அது பன்னிரண்டு வருடத்துக்கு. 2032 வரும்போதும் நான் இங்கேதான் இருப்பேன்.

போன் தண்ணீரில் விழவில்லை. பயிற்சிக் காலத்தில் வைத்திருக்க விடவில்லை. பிறகு தந்தார்கள், நான்தான் எடுக்கவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டால் பொய் சொல்ல வராது.

என் அறையில் இருப்பவர்கள் நல்ல பெடியன்கள். ஒருவனுக்கு மாத்தறை, அவனுடைய அப்பாவும் மீன்பிடிகாரர். அப்பாவின் வள்ளம் போகிற கடல் பக்கம் என்னை ஒருபோதும் அனுப்ப வேண்டாம் என்று பயிற்றுநரிடம் கேட்டேன். அவர் சிரித்து, நீ பந்து எறிகிறவன்தானே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தாள்களை விட்டுவிடாதே. அங்கே மைதானத்தில் சின்னப் பெடியன்கள் இப்போதும் எறிகிறார்கள்தானே? அவர்களுக்கு எந்தச் சின்னமும் இல்லாத சட்டை கிடைக்கட்டும்.

திருநாளுக்கு விடுமுறை கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. அப்பா வரச் சொன்னால் கேட்பேன். இல்லாவிட்டால் என்னுடைய இடத்தில் ஜெறோம் மாமாவை விடச் சொல்.

றோய்

*

கரவெட்டி,
21.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அம்மா உண்மையாகவே உப்பைக் குறைத்துவிட்டார். நீங்கள் சுகமா?

உங்கள் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், முழுவதையும். உண்மையாக எழுதுவதென்றால் உண்மையாக வாசிக்கவும் வேண்டும். மூட்டை தூக்கியது வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா ஒரேயொரு இடத்தில்தான் வாய் திறந்தார்.

"என்ரை கடல் பக்கம் விடவேண்டாமெண்டோ கேட்டவன்?"

"ஓம் அப்பா."

"திருப்பி வாசி அதை."

வாசித்தேன். அவர் எழுந்து கடற்கரைக்குப் போனார். நீங்கள் வரலாமா என்பதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

திருநாள் பூசையில் சுவாமி வழமைபோல் யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசித்தார். எங்கள் குடும்பத்தின் பெயர் வந்தது. "செபநாயகம் குடும்பத்தார் தங்கள் சகோதரர் யோக்கிமின் ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று, இறந்தவர்களுக்கு வாசிப்பதைப் போல வாசித்தார். சுவாமி தவறுதலாக வாசித்துவிட்டார் என்று நினைத்து நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்ன செய்துபோட்டியள்? இத்தனை வருசம் வழி பாத்திட்டு?"

"ரண்டு பேரை வழி பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது யசிந்தா" என்றார் அப்பா. "யோக்கிமண்ணையை அனுப்பிப்போட்டன்."

அதற்குப் பிறகு சுற்றுப்பிரகாரம். வலது தண்டின் முன்பக்கத்தை அப்பா தோளில் வைத்தார். பின்பக்கத்தில் யாரும் இல்லை. கூடு தெருவுக்கு வந்ததுமே அந்தப் பக்கம் சரிந்தது, பூமாலைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கின.

"செபண்ணை, சரியுது. நான் வாறன்" என்று ஜெறோம் மாமா வந்தார்.

"அது அவன்ரை இடம்."

"அவன் இல்லையே அண்ணை!"

"சரிஞ்சாலும் பரவாயில்லை. மெல்லப் போவம்."

மெல்லத்தான் போனார்கள். பான்ட் வாத்தியக்காரர்கள் எங்களைவிட முன்னே போய்விட்டுத் திரும்பத் திரும்ப நின்றார்கள். சிலர் அப்பாவைப் பார்க்காமல் மற்றப் பக்கம் பார்த்தார்கள். பேர் வெட்டிய அன்ரி பார்த்துக்கொண்டே வந்தார், அழுதார். எதற்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது, ஆகவே எழுதவில்லை. அப்பாவின் தோளில் இப்போதும் தோல் உரிந்திருக்கிறது.

கையெழுத்துத் தாள்களை வெள்ளிக்கிழமை அனுப்பினோம். வெட்டிய பெயர்கள் அசிங்கமாக இருக்கின்றன, புதுத் தாளில் மிச்சப் பெயர்களை மட்டும் எழுதி மறுபடி வாங்கலாமே என்று தயாளினி ரீச்சர் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். வெட்டியதும் வெட்டாததும் அப்படியே போகட்டும். அந்தத் தாளில் அப்பாவின் பெயரும் இருக்கிறது, ஜெறோம் மாமாவின் பெயரும் இருக்கிறது. மாமா வெட்டவில்லை என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். மேலே உங்களுக்காக விட்ட வரி வெறுமையாகவே போயிருக்கிறது. பின்னேரங்களில் கடற்கரை மைதானத்தில் எறிகிற பெடியன்களும் பத்து வயதுகூட ஆகாவிட்டாலும் வைத்திருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வார்களா தெரியாது.

இன்று விடுதிக்குத் திரும்புகையில் அப்பா பஸ் நிலையம் வரை வந்தார். உங்களோடு நின்ற அதே இடத்தில் நின்றார். பஸ் வெளிக்கிடப்போகும்போது யன்னலுக்குக் கிட்ட வந்தார்.

"அவனுக்கு எழுதுறியோ?"

"ஓம் அப்பா. இண்டைக்கே எழுதுவன்."

"இஞ்சின் திருத்தியாச்செண்டு எழுது."

"சரி. வேறை?"

அப்பா யோசித்தார். நடத்துநர் மணியை அடித்துவிட்டார்.

"தூக்கி வள்ளத்திலை பூட்டத்தான் ஒராள் வேணும். அதையும் எழுது."

அப்பா சொன்னது இவ்வளவுதான். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஆனால் ஜெறோம் மாமா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், வள்ளம் இன்னும் இஞ்சின் இல்லாமல்தான் கரையில் கிடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவையும் உண்மைதான்.

அம்மா கேட்கச் சொன்னது ஒன்று இருக்கிறது. உங்கள் புதுப் போன் இலக்கம். சிஸ்டர் விளக்குகளை அணைக்க வருகிறார், இத்துடன் நிறுத்துகிறேன்.